ஆயுள் கேட்டால் நேரம் இடிக்கும்

போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கும்போது பகவதிப்பெருமாள் கண்ணை மூடிக்கொள்வார். பக்தியெல்லாம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் அந்த வயர் சுளீரென்று ஒரு தட்டுத் தட்டியது, அதற்கான மரியாதை. பிடுங்கிய இடத்தில் மோடத்தின் வயரைச் செருகுவார். மோடம் முதலில் கீச்சிடும், பிறகு இரையும், பிறகு யாரோ தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஓலமிட்டு ஒருவழியாக அடங்கும். அத்தனை நேரமும் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இனி அவர் எழுந்திருக்கிறவரை வலியசாலையில் அந்த வீட்டுக்கு யார் போன் செய்தாலும் 'எங்கேஜ்ட்'. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யலட்சுமி தினமும் மாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள். அப்பா நலமாக இருக்கிறார் என்பதற்கு அவளுக்கு அதுவே போதிய அத்தாட்சி.

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம் அவருடையது. சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். பகலெல்லாம் மல்லிக்கும் வற்றல் மிளகாய்க்கும் நடுவே உட்கார்ந்திருப்பதால், மாலையில் அவர் வருகையைத் தெருவுக்கு அறிவிப்பது தும்மல்தான். வந்ததும் குளிப்பார், திருநீறு பூசுவார், மடித்த வேட்டி உடுத்துவார். கோயிலுக்குப் புறப்படுகிறவர் செய்கிற எல்லாவற்றையும் செய்துவிட்டு, முன்னறை மூலையில் மகள் விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்காருவார். தெருக்கோடியிலேயே கோயில் இருக்கிறது. அங்கே கூட்டம் அதிகம் என்பது அவர் கட்சி.

கம்ப்யூட்டருக்குள் 'கிரகச் சாவடி' என்று ஓர் இணையக் குழு. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் தமிழனும் அதில் ஒரு புனைபெயரோடு நுழைந்து, பிறந்த தேதியையும் நேரத்தையும் ஊரையும் எழுதிப் போட்டு, தன் வாழ்க்கை எப்படிப் போகும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கலாம். முன்பின் தெரியாதவர்களும் சளைக்காமல் சொல்வார்கள். கலிபோர்னியாவில் வீடு வாங்குகிறவனுக்குச் செங்கோட்டையிலிருந்து ஒருவர் வாசல் திசை சொல்லிக்கொண்டிருப்பார். பகவதிப்பெருமாள் அங்கே மட்டுறுத்துனர். அதாவது, சண்டை போடுகிறவர்களை வெளியே தள்ளும் அதிகாரம் பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அவருடைய மனைவி பிச்சம்மாள் மட்டும் அதைக் 'கிரகம் பிடிச்ச சாவடி' என்பாள்.

அண்ணாச்சியின் பலன்கள் சுருக்கமானவை. வெளிநாட்டு யோகம் உண்டா என்று ஒருவன் கேட்டால், "கிரகம் எல்லாம் ரெடியாத்தான் நிக்கி. நீ பாஸ்போட்டு எடுத்தியா?" என்று எழுதுவார். மாமியாருக்கு ஏழரைச் சனி எப்போது தொடங்கும் என்று கேட்ட பெண்ணுக்கு, "நீ அந்த வீட்டுல கால் எடுத்து வச்ச அண்ணைக்கே தொடங்கியாச்சு" என்றார். அவள் கோபித்துக்கொண்டு போனாள். மறுநாள் நாத்தனார் ஜாதகத்தோடு திரும்பி வந்தாள். இவ்வளவு பேசுகிறவருக்குச் சோதிடத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், "கணக்கு சரியா வருகான்னு பாக்கேன். நம்புகதும் நம்பாததும் ஒம்ம பாடு" என்பார். மிளகாய் மூட்டைக் கணக்கும் சனி பகவான் கணக்கும் அவருக்கு ஒன்றுதான். இரண்டிலும் தும்மல் வருகிறது.

இந்தக் கும்பலுக்கு நடுவில் எப்போதாவது ஒருவர் வேறு மாதிரி வருவார். வேலை கேட்க மாட்டார், கல்யாணம் கேட்க மாட்டார். ஆயுள் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். வேலை எப்போது கிடைக்கும் என்கிறவன் நாளைக்கும் இருக்கப்போகிறவன். ஆயுளை மட்டும் கேட்டு, வேறொன்றும் வேண்டாம் என்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்பது பகவதிப்பெருமாளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. எழுத்தில் அழுகை தெரியாது. ஆனால் கேள்வி சுருங்கிப் போவது நன்றாகத் தெரியும்.

சாவடியின் மற்றப் பெரிய மனிதர்களுக்கும் அது புரியாமல் இல்லை. புரிந்த உடனே ஆறுதல் சொல்லப் போட்டி தொடங்கிவிடும். மஸ்கட்டிலிருந்து கல்யாணராமன் என்பவர் சுழலும் தாமரைப் படம் ஒன்றை ஒட்டி, 'வாழ்க்கை இறைவன் தந்த வரம்' என்று ஏழு வண்ணத்தில் எழுதுவார். உடனே இன்னொருவர் அதைவிடப் பெரிய தாமரை ஒன்றைப் போடுவார். ஒருவர் இதெல்லாம் கோழைத்தனம் என்று கண்டிப்பார். ஒருவர் பரிகாரத் தலத்துக்கு எந்த ஊரில் பஸ் மாற வேண்டும் என்று விளக்குவார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேள்வி கேட்டவர் பக்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும், பல நாள் அங்கே தாமரைகள் சுழன்றுகொண்டிருக்கும். "துட்டிக்கு வந்தவனுவ மாதிரி மாலையைப் போட்டுட்டுப் போறானுவ. ஆளு இன்னும் சாகல்லடே" என்று பகவதிப்பெருமாள் திரையைப் பார்த்து முணுமுணுப்பார்.

அவருடைய வழி வேறு. அதை அவர் ஒன்றும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கால் தடுக்கி அதன்மேல் விழுந்தார். தென்காசிப் பையன் ஒருவன் ஆயுள் கேட்டபோது, அவன் கொடுத்த பிறந்த நேரம் உண்மையாகவே சந்தேகமாக இருந்தது. கணக்குப்பிள்ளைக்கு அது பொறுக்குமா? "நேரம் இடிக்கு. நவாம்சம் மாறுகு. அம்மைட்ட ஒழுங்காக் கேட்டுட்டு வா. வெயிலா மழையா, விளக்கு வச்சாச்சா, ஒனக்குச் சேனை வச்சது யாரு, எல்லாம் கேளு" என்று எரிந்து விழுந்தார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்புத் தண்ணீர்தான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பையன் சில நாள் கழித்து வந்தான். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். சேனை வைத்த பெரியப்பாவில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போயிற்றாம். கடைசியில் பரீட்சையில் தோற்றதை இவன் சொல்லிவிட்டானாம். இரண்டு பேரும் அழுதுவிட்டுச் சாப்பிட்டார்களாம். ஆயுள் கேட்டிருந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து, ஆயுள் கேட்கிற எல்லோருக்கும் நேரம் இடிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் சான்றிதழைப் பார்த்து எழுதினாலும் இடிக்கும். கம்ப்யூட்டர் வெகு சுத்தமாகக் கட்டம் போட்டுக் காட்டினாலும் இடிக்கும். எல்லோரும் அம்மையிடம் போனார்கள். பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு பேச்சோடு திரும்பி வந்தார்கள். பிச்சம்மாள் ஒருநாள் இது பொய்யில்லையா என்று கேட்டதற்கு, "தொழில் பொய்" என்றார். யாரையும் நேராக ஒரு வார்த்தை கேட்காமலே காரியத்தை முடித்துவிடுகிறோம் என்று அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது. சாவு என்ற சொல்லைச் சாவடியில் அவர் எழுதியதே கிடையாது. எழுதினால் அபசகுனமாம். கிரகத்தை நம்பலாமா என்று யோசிக்கிறவருக்குச் சகுனத்தில் அசையாத நம்பிக்கை.

சாவடியின் முதல் விதியும் அவர் எழுதியதுதான்: யாரும் யாருக்கும் தொலைபேசி எண் கொடுக்கக் கூடாது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் எப்படியோ எண்ணைப் பிடித்து, விடிவதற்கு முன்னால் கூப்பிட்டு, மகளுக்குப் பத்துப் பொருத்தமும் பார்க்கச் சொன்னதால் வந்த விதி அது. மற்றபடி, அந்த வீட்டு எண் ஒருவருக்குத் தெரிந்தும் பெரிய பயனில்லை.

போன வருடம் ஓணம் முடிந்த சமயம். 'மழை' என்ற புனைபெயரில் ஒரு பெண் வந்தாள். பிறந்த ஊர் போனக்காடு என்று போட்டிருந்தாள். பொன்முடிப் பக்கத்து மலையில் தேயிலைத் தோட்டத்து ஊர். வேலைக்கு வந்து தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 'ஆயுள் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.' அவ்வளவுதான் கேள்வி. பகவதிப்பெருமாள் வழக்கம்போல இடித்தார். அம்மையிடம் கேட்டு வா, சேனை வைத்தது யாரென்றும் கேட்டு வா என்று எழுதிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு போய்ப் படுத்தார்.

பதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, பிச்சம்மாள் அடுத்த தெருவில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போயிருந்தாள். மோடம் ஓலமிட்டு அடங்கியதும் திரையில் அது கிடந்தது. 'அம்மா சித்திரையில போய்ட்டாங்க. கேக்க ஆளில்ல. பரவால்ல. தேங்க்ஸ் அண்ணாச்சி.' அதற்குக் கீழே கல்யாணராமனின் தாமரை சுழன்றுகொண்டிருந்தது.

திட்டியிருந்தால் பகவதிப்பெருமாளுக்குப் பதில் திட்டத் தெரியும். பரவாயில்லை என்கிறவளிடம் என்ன சொல்வது? அம்மா செத்த பிள்ளையை அம்மாவிடம் போய்க் கேட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். அதற்கு நன்றியும் வந்திருக்கிறது. 'மழை' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

தட்டத் தொடங்கினார். 'மனதைத் தளர விடாதே. வாழ்க்கை என்பது' என்று எழுதியவர், தன் விரல் வழியாகவே மஸ்கட் கல்யாணராமன் இறங்கி வருவதைப் பார்த்து அரண்டுபோய் நிறுத்தினார். அழித்தார். 'அப்பாட்டக் கேளு' என்று எழுதினார். அப்பாவாவது இருக்கிறார் என்று யார் சொன்னது? அதையும் அழித்தார். 'குருப் பெயர்ச்சிக்குப் பிறகு' என்று எழுதி, முழுதாக முடிக்குமுன்பே அழித்தார். அவருக்குப் பயமாக இருந்தது. நேராகக் கேட்காத சாமர்த்தியம், சாமர்த்தியம் என்று இத்தனை நாள் மெச்சிக்கொண்டதெல்லாம் இந்தப் பயம்தான் என்பது அப்போது அவருக்கே தெரிந்தது. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

பிறகு, சகுனத்தைத் தூரப் போட்டுவிட்டு எழுதினார். 'நேரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இடிக்குன்னு சொன்னது பொய். செத்துப் போயிரணும்னு நெனைக்கியா? நேராச் சொல்லு. திட்ட மாட்டேன். புத்தி சொல்ல மாட்டேன்.'

பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. மின்விசிறி சுற்றியது. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். போய்விட்டாள் என்று அவர் முடிவுகட்டியபோது பதில் வந்தது.

'ஆமா.'

சற்று நேரத்தில் இன்னொரு வரி. 'இதுவரை யாரும் கேக்கல அண்ணாச்சி.'

சாவடியின் முதல் விதியை எழுதியவர், சாவடி முழுக்கப் பார்க்கும்படி தன் வீட்டு எண்ணை எழுதினார். 'வயசான ஆளு நான். வீட்டுல பொம்பள உண்டு. யோசிக்காம இப்பவே போன்ல விளி. எங்க இருக்க?' அவள் மலையடிவாரத்து வித்துராவில், சந்தை ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்தாள். எதிரிலேயே போன் பூத்து இருப்பதாகவும், விளிப்பதாகவும் எழுதினாள். பச்சைப் புள்ளி அணைந்தது.

பகவதிப்பெருமாள் போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரிசீவரைத் துண்டால் துடைத்தார். முதலில் பெயரைக் கேட்க வேண்டும், அப்புறம் அதட்டாமல் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். போன் அடிக்கவில்லை. ரோட்டைத் தாண்டவே இவ்வளவு நேரமா? ஒருவேளை திரும்ப எழுதியிருப்பாளோ என்று திரையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சாவடியில் கல்யாணராமன் வந்து, விதியை மீறி எண் கொடுத்ததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார். நேராகக் கேட்டது தப்போ, கேட்டதால்தான் போய்விட்டாளோ என்று அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பகவதிப்பெருமாள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நிச்சயதார்த்த வீட்டிலிருந்து தலையில் பூவோடு பிச்சம்மாள் உள்ளே வந்தாள்.

"என்னத்துக்குப் போனை மடியில போட்டுத் தாலாட்டிக்கிட்டு இருக்கீய?"

"ஒரு பிள்ளை விளிக்கேன்னு சொல்லிருக்கு. செத்துருவேன்னு சொல்லுகு பிச்சம்மா. இன்னும் விளிக்கல்ல."

"எந்தப் போனுல?"

"இந்தப் போனுலதான்."

"அதுக்க வயரு அந்தாலக் கீழ கெடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவரே தம் கையால் பிடுங்கிப் போட்ட வயர். எங்கேஜ்ட், எங்கேஜ்ட் என்று மகள் வருடக்கணக்கில் சொல்லிவந்ததன் பொருள், கிரகங்களின் போக்குவரத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர் மண்டையில் அப்போதுதான் ஏறியது. மோடத்தின் வயரைப் பிடுங்கினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. போன் வயரைச் செருகப் பார்த்தார். அவசரத்தில் துளை அகப்படவில்லை. "தள்ளுங்கோ" என்று பிச்சம்மாள் வாங்கிச் செருகினாள்.

உடனே அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"அப்பாவா? என்ன அதிசயம், லைன் கிடைச்சிட்டு" என்றாள் திவ்யலட்சுமி.

"வை போனை."

"ஐயோ, அம்மைக்கு என்னமும் ஆச்சா?"

"அம்மை கல்லு மாதிரி நிக்கா. வை மக்கா."

மகளின் போனைக் கட் செய்ததற்குப் பிச்சம்மாள் சண்டைக்கு வரவில்லை. அந்த வீட்டில் அது நடக்காத காரியம். தலையில் இருந்த பூவைக்கூட எடுக்காமல் அவளும் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் அடித்தபோது, எதிர்முனையில் பஸ் இரைச்சல்தான் முதலில் கேட்டது. அப்புறம் மெல்லிய குரல்.

"அண்ணாச்சியா? குறே நேரமா விளிக்கேன். எங்கேஜ்ட்தான். நீங்களும் சும்மா ஒரு நம்பரு தந்ததாக்கும்னு நெனச்சேன். போலாம்னு எறங்கிட்டேன். பூத்து சேச்சிதான், மோளே, ஒருக்கக் கூடி விளிச்சு நோக்குன்னு சொன்னாங்க."

பகவதிப்பெருமாள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் தப்பு பிள்ளே. வயரு மாட்டல்ல. என் தப்பு" என்றார். தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுப் பிச்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் அதற்காக எவ்வளவோ முயன்றிருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ரெம்யா. அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. ஆனால் கேட்டவரைப் பற்றிச் சொல்லலாம். ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க யாரையும் விடாத மனிதர், அன்றைக்கு "ம்" என்றும் "சொல்லு" என்றும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கிரகம் வரவில்லை, பரிகாரம் வரவில்லை. நடுவில் ஒரு தும்மல் வந்தது; அதையும் மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். அவள் பேசி முடித்ததும், அவருக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றாமல் பழைய கேள்வியையே கேட்டார்.

"ஒனக்குச் சேனை வச்சது யாருன்னு அம்மை எப்பமாவது சொல்லிருக்காளா?"

"ராகேல் அத்தை. அம்மாவும் அவுங்களும் ஒண்ணா கொழுந்து கிள்ளுனவுங்க. நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரில அவுங்கதான் நின்னாங்க."

"அவ இப்பம் எங்க?"

"இஞ்சதான், வித்துராலதான். சர்ச்சுக்குப் பின்னாடி."

"இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?"

"அறிஞ்சூடா அண்ணாச்சி. நான் சொன்னதில்ல. அவுங்களுக்கே ஆயிரம் பாடு."

"ஆயிரத்தோட இதும் ஒண்ணாக் கெடக்கட்டும். பூத்துக்காரியிட்டப் போனைக் குடு."

பூத்துக்காரி ஓமனா சங்கதியைப் பாதிக்குமேல் ஏற்கெனவே புரிந்துவைத்திருந்தாள். "நிங்ஙள் வெய்க்கண்டா சாரே, ஞான் ஆளெ விடாம்" என்று போனை வைக்காதிருக்கச் சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்காரரை ராகேலின் வீட்டுக்கு விரட்டினாள். ராகேல் வந்து சேரும்வரை பகவதிப்பெருமாள் போனை வைக்கவில்லை. பேச வேறு விஷயம் கிடைக்காமல், மாமியாருக்கு ஏழரை கேட்ட பெண்ணின் கதையைச் சொன்னார். எதிர்முனையில் மூக்கால் சிரிப்பதுபோல் ஏதோ கேட்டது. சளியாகவும் இருக்கலாம். அவர் அதைச் சிரிப்பு என்றே கணக்கில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மெடிக்கல் காலேஜ் ஓபி வாசலில் குடையோடு போய் நின்றார். அது அவர் ஏற்பாடு. மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று போனிலேயே ராகேலிடம் சொல்லியிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ராகேல், ஒரு கையால் ரெம்யாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, இவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களாக்கும் அந்த ஜோசியரு? எங்க வேதத்துல ஜோசியம் பாவமாக்கும், கேட்டேளா" என்றாள். "எனக்கும் அப்பிடித்தான் தோணுகு" என்றார் பகவதிப்பெருமாள். அதோடு இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

சாவடியில் இப்போது முதல் விதி இல்லை. இரண்டாவது விதி முதலாவதாகிவிட்டது. ஆயுள் கேட்கிறவர்களுக்கு நேரம் இடிப்பதும் நின்றுபோயிற்று. சாகணுமென்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கிறார். சேனைக் கேள்வியை விடவில்லை. அதை இரண்டாவதாகக் கேட்கிறார், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்ற மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. ஒரு டாக்டரையும் பார்த்துவிடு என்று மறக்காமல் எழுதுகிறார். இவ்வளவு பச்சையாகக் கேட்கலாமா, இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா என்று மஸ்கட்டிலிருந்து கல்யாணராமன் மனம் வருந்தி எழுதினார். "கேட்டதுனால யாருக்கும் புதுசா வராது ஓய். ஒம்ம தாமரையைப் பாத்துத்தான் பலருக்கு வந்திருக்கும்" என்று பதில் போனது. கல்யாணராமன் ஒரு வாரம் சாவடிப் பக்கம் வரவில்லை. பிறகு சுழலாத தாமரை ஒன்றோடு வந்தார்.

ரெம்யா மாத்திரை சாப்பிடுகிறாள். ராகேல் வீட்டில்தான் இருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சில வாரம் நன்றாகப் பேசுவாள். சில வாரம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். ஞாயிறு மாலையில் ஓமனாவின் பூத்திலிருந்து விளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. யார் சொன்ன ஏற்பாடு என்று கேட்டால், "அந்தப் பிள்ளைக்க ஏற்பாடு. எனக்கு எங்க நேரம்?" என்கிறார்.

நேரமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கே அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சாவடியில் யாருக்கோ சுக்கிர தசை நடந்துகொண்டிருக்கும். அதை அந்தரத்தில் விட்டுவிட்டு மோடத்தைப் பிடுங்கிப் போன் வயரைச் செருகுவார். அண்ணாச்சி ஞாயிறானால் பாதிப் பலனில் காணாமல் போகிறார் என்று ஒரு கண்டனமே நிலுவையில் இருக்கிறது. லைன் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான் என்று திவ்யலட்சுமி கண்டுபிடித்துக் கூப்பிட்டால், அம்மாவிடம் கொடுக்காமலே வைத்துவிடுகிறார். பிச்சம்மாள் அதற்கு ஒரு வழி செய்து, மகளைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் மோடத்தை யார் பிடுங்குகிறார்கள் என்பது பகவதிப்பெருமாளுக்கு இன்னும் தெரியாது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு போன் வழக்கமான வேளையில் அடிக்கவில்லை. மலைப் பக்கம் மழை என்றாள் பிச்சம்மாள். அவர் குனிந்து, வயரை இழுத்துப் பார்த்தார். சுவரில் இறுக்கமாகத்தான் இருந்தது. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு நொடியில் அவள் விளித்திருப்பாளோ என்று பதறி வைத்தார். கோயிலில் தீபாராதனை மணி கேட்டது. பிச்சம்மாள் விளக்கேற்றினாள். அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

போன் அடித்தது. பிச்சம்மாள் எடுக்கப் போனாள். பகவதிப்பெருமாள் அதற்குள் வந்து, ஒரு கையால் அவளைத் தடுத்து, இன்னொரு கையை ரிசீவரின்மேல் வைத்துக்கொண்டார். ஆனால் எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். காத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடக் கூடாது என்று, கையை வைத்தபடியே இன்னொரு மணி அடிக்கவிட்டு, பிறகு எடுத்தார்.